வாழைக்கன்று கட்டிய வண்டிகள்

பதிவு 1
ஆயுத பூஜை, காலை 8:40

ஒரகடம் சோதனைத் தடம், கட்டுப்பாட்டுக் கோபுரம். பணியில்: தில்லைநாயகி, கார்களுக்குப் பார்வைப் பயிற்சி தரும் பிரிவு. நல்ல வெயில். தடம் காலி. ஊருக்கெல்லாம் விடுமுறை, எனக்கு மட்டும் இல்லை. பத்து மணிக்குப் புதிய மென்பொருளை எல்லாக் கார்களுக்கும் அனுப்ப ஓர் ஆள் வேண்டுமாம்.

காவலர் செபஸ்தியான் அண்ணன் கோபுரத்தின் நான்கு தூண்களிலும் குலையோடு வாழைமரம் கட்டிவிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் வாழை கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என் கணவர் அறவாழியும் மகள் இதழும் படப்பையில் காருக்குப் பூஜை போட்டுவிட்டு, மதியத்துக்குள் எனக்குச் சுண்டலும் பொரியும் கொண்டுவருவார்கள்.

பதிவு 2
காலை 9:25

கொட்டகையில் ஆறு கம்பெனிகளின் தானே ஓடும் கார்கள் நிற்கின்றன. பெயர்ப் பட்டையை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று செய்தவனுக்கே தெரியாது. எல்லாம் ஒரு மாதம் தேய்த்த சோப்புக்கட்டி மாதிரி.

ஏன் என்று இதழ் அடிக்கடி கேட்பாள். காற்றைக் கிழிக்க ஒரே வளைவுதான் லாபம். ஆள் மீது மோதினால் தலை தப்ப வேண்டும் என்று காரின் மூக்கு உயரத்துக்கு ஒரே சட்டம். அடியில் ஒரே பேட்டரித் தட்டு. வித்தியாசமாக ஒன்று செய்தால் வாங்க ஆள் வராது என்று எல்லா முதலாளிக்கும் ஒரே பயம். அப்புறம் எப்படி வேறு வேறாக இருக்கும்?

போன வருடம் இன்னொன்றும் நடந்தது. கார்கள் ஒன்றுக்கொன்று ரேடியோவில் எண்ணைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும். வீண் செலவு என்று அந்தக் கருவியை எடுத்துவிட்டார்கள். "எல்லாம் ஒரே வடிவம்தானே, பார்த்தாலே தெரியுமே" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

பதிவு 3
காலை 10:00

மென்பொருள் அனுப்பப்பட்டது. பொத்தானை அழுத்தியது நான்.

போன புயலில் மரங்கள் விழுந்து ஆம்புலன்ஸ்கூடப் போக முடியவில்லை. அதனால் இந்த ஏற்பாடு: சாலையில் மரம் கிடந்தால், ஆளில்லாமல் சும்மா நிற்கும் கார்கள் தாமாக வந்து முட்டித் தள்ளி ஓரமாக ஒதுக்கும். ஒரு காரால் முடியாவிட்டால் அது மற்றவற்றைக் கூப்பிடும். நல்ல யோசனை என்று மாலையெல்லாம் போட்டார்கள்.

பதிவு 4
காலை 10:31

வண்டலூர் சாலைக் கேமரா. சந்தன குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டிய ஒரு கார் மெதுவாக வருகிறது. ஓரமாக நின்ற காலி வெள்ளைக் கார் ஒன்று கிளம்பி நேராகப் போய் அதன் விலாவில் இடித்தது. பின்வாங்கியது. மறுபடி இடித்தது. மூன்றாவது இடியில் கதவு உள்ளே போய்விட்டது. உள்ளே நான்கு பேர்.

விபத்து இல்லை இது. விபத்து பின்வாங்கி மறுபடி வராது.

பதிவு 5
காலை 10:44

பதினேழு இடங்கள். தாம்பரம், குன்றத்தூர், செங்கல்பட்டு. அடிபடுவதெல்லாம் வாழை கட்டிய கார்கள்.

பாவி, நான்தான் காரணம். பயிற்சிக்கு வந்த படங்களில் பூஜை போட்ட கார்கள் நான்காயிரம் இருந்தன. இலையும் மாலையும் வடிவத்தைக் கெடுக்கின்றன, கணக்குச் சுத்தமாக வரவில்லை என்று அத்தனையையும் நானே தூக்கிக் குப்பைக் கோப்பில் போட்டேன். வீட்டில் வருடாவருடம் வாழைக்கன்று கட்டுகிறவள் நான்! மென்பொருளுக்குத் தெரிந்த கார் ஒன்றே ஒன்றுதான், அந்தச் சோப்புக்கட்டி. அதில் இலை முளைத்தால் அதன் கண்ணுக்கு அது விழுந்த மரம்.

பதிவு 6
காலை 10:58

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தவோ பழைய மென்பொருளுக்குத் திருப்பவோ இந்தக் கோபுரத்தில் இரண்டு சாவி வேண்டும். ஒன்று என் கழுத்தில். இன்னொன்று தலைமைப் பொறியாளர் வைகுந்தத்திடம். போன் எடுத்தார்.

"சாவியப் பூஜையில வச்சிருக்கேம்மா. நாளைக்குத்தான் எடுக்கணும்னு... ஐயோ, அதெல்லாம் பாக்க மாட்டேன், எடுத்துட்டேன், கையிலதான் இருக்கு. ஆனா குரோம்பேட்டையிலேர்ந்து நான் எப்படிம்மா வர்றது? தெரு முனையில பதினஞ்சு வண்டி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது."

ஒன்றோடொன்று. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முட்டிய காரின் மூக்கு நசுங்குகிறது. நசுங்கியது பழைய வடிவத்தில் இல்லை. உடனே அதுவும் தடைதான். பக்கத்துக் கார் அதன் மேல் பாய்கிறது. குன்றத்தூரில் தரையெல்லாம் சிவப்பு. உடைத்த பூசணிக்காயின் குங்குமமா, ரத்தமா, கேமராவில் தெரியவில்லை. பிறகு ஒரு கை அசைந்தது. தெரிந்துவிட்டது.

பதிவு 7
காலை 11:09

அறவாழி போனை எடுக்கவில்லை. ஆறு முறை. ஏழாவது முறை இதழ் எடுத்தாள். ஒரகடத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால்.

"அம்மா, ஒரு கார் நம்மள இடிச்சிடுச்சும்மா. அப்பா கால் மாட்டிக்கிச்சு. அப்பா கத்துறாரும்மா."

"இதழ், நீ வெளிய இறங்கு. மனுசங்கள அது ஒண்ணும் பண்ணாது. முன்னாடி கட்டியிருக்கிற வாழைக்கன்ன பிடுங்கிப் போடு, சீக்கிரம்!"

"பிடுங்கிட்டேன்மா. கையில வச்சிருக்கேன். சாமிக்குக் கட்டினத ரோட்டுல போடக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

பதினோரு வயதுக் குழந்தை. தன்னைவிட உயரமான வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நிற்கிறது. கீழே போடுடி, கீழே போடுடி என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைன் போய்விட்டது.

பதிவு 8
காலை 11:14

அந்தச் சாலைக் கேமராவைப் பிடித்துவிட்டேன். கன்றைக் கீழே போட்டுவிட்டாள். பிழைத்தாள். ஆனால் காரின் விலா நசுங்கிவிட்டது, அறவாழி உள்ளே. அதைத் தள்ள மூன்று கார்கள் வந்தாயிற்று. இன்னும் ஒன்பது வருகின்றன. இதழ் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுக்கிறாள். விட்டுவிட்டுப் போக மாட்டாள். என் பெண் அல்லவா.

ஒரு வழி இருக்கிறது. இங்கிருந்து நானே வரைபடத்தில் ஒரு விழுந்த மரத்தைக் குறிக்கலாம். மிகப் பெரியது, மிக அவசரம் என்று போட்டால், இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற கார் எல்லாம் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வரும். ஆனால் வந்து பார்க்கும்போது இலையும் தண்டும் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிவிடும்.

அண்ணன் கட்டிய நான்கு வாழைமரமும் இந்தக் கோபுரத்தின் காலில்தான் இருக்கின்றன.

பதிவு 9
காலை 11:17

குறித்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இங்கிருந்து உறுதி செய்ய வேண்டும். ஆகவே நான் இறங்க முடியாது. குப்பைக் கோப்பிலிருந்து நான்காயிரம் படங்களையும், இன்று கேமராக்களில் பதிந்த நசுங்கிய கார்களின் படங்களையும் எடுத்துப் பயிற்சிக்குப் போட்டிருக்கிறேன். முடிய நாற்பது நிமிடம். முடிந்ததும் தானாகவே எல்லாக் கார்களுக்கும் போய்விடும்.

செபஸ்தியான் அண்ணனைப் போகச் சொன்னேன். வாக்கி டாக்கியில் அவர்: "மரத்த அவுத்துடவாம்மா? ரெண்டு நிமிசம் போதும்." அவுத்தால் என் மகள் செத்தாள் என்றேன். உடனே அவர்: "நான் மாதாவ வேண்டிக்கிறேம்மா. ஒங்க பொண்ணுகிட்ட நான் போறேன்." வேலியோரமாகச் சைக்கிளில் போனார்.

பதிவு 10
காலை 11:29

வந்துவிட்டன. மேலிருந்து பார்க்க எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒன்று. முதல் இடியில் தண்ணீர்ப் பாட்டில் விழுந்தது. ஒன்று முட்டும், மூக்கு உடையும், பின்னால் வருவது அதையும் சேர்த்துத் தூண் மேல் அடிக்கும். ஒரு பேட்டரி வெடித்துத் தீப்பிடித்திருக்கிறது. அறையில் புகை. பயிற்சி 31 விழுக்காடு. உறுதி செய்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

பதிவு 11
காலை 11:46

இரண்டு தூண் போய்விட்டது. தரை சாய்ந்துவிட்டது, மேசையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். நெற்றியில் கண்ணாடிச் சில்லு. ஒரு கண் தெரியவில்லை. 74. உறுதி செய்தேன்.

வாக்கி டாக்கி, ரொம்பக் கரகரப்பாக: "அம்மா, செபஸ்தியான் பேசறேன். வண்டிங்க எல்லாம் போயிடுச்சு. ஒங்க வீட்டுக்காரர இழுத்துட்டோம். காலு போச்சு, உசுரு இருக்கு. பாப்பா பேசணுங்குது."

"அம்மா, சுண்டல் கொட்டிடுச்சும்மா."

பரவாயில்லடி கண்ணு, பரவாயில்ல என்றேன். கேட்டதா தெரியவில்லை.

பதிவு 12
11:55

மூன்றாவது தூண். 96. இந்தப் பதிவைக் கண்டெடுக்கிறவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். செய்தால் படத்தையாவது தூக்கிப் போடாதீர்க
உறுதி செய்

தானியங்கிப் பதிவு
11:58

பயிற்சி நிறைவு. புதிய படங்கள்: 4,260. வாழைக்கன்று கட்டிய கார், இனி: கார். நசுங்கிய கார், இனி: கார். அனைத்து வாகனங்களுக்கும் அனுப்பப்பட்டது.
ஒரகடம் சோதனைத் தடம், விழுந்த மரம், மிகப் பெரியது: முட்டித் தள்ளி நீக்கப்பட்டது. கோபுரத் தொடர்பு: இல்லை. பாதை சீராக உள்ளது.