எந்த மொட்டை?

மார்ச் 3

என் செல்லத் தம்பிக்கு,

நலம்தானே? உன் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாளாம். அதைக்கூட உன் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பெயருக்குத்தான் நான் அத்தை. இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாட்டை அதிகம் கெடுத்த தலைவர் யார் என்று நீயும் உன் அத்தானும் தீர்ப்புச் சொல்லப் போனீர்கள், தண்டனை எனக்கு வந்தது. சலூனில் ஊரார் தலையை எல்லாம் குனிய வைக்கிறவர், தன் தலையை மட்டும் குனிய மாட்டாராம். நீயாவது வாயேன்டா.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் அத்தான் இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன். அச்சகத்தில் ஒரு துண்டறிக்கை அடித்துக் கொடுத்ததற்காக, அந்தச் சுருட்டை முடிக்காரன் ஆட்சியில் நான் உள்ளே கிடந்தேன். பிறகு வந்த மொட்டைத் தலைவர்தான் என்னை வெளியே விட்டார். சண்டை வந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "நாட்டைக் குட்டிச்சுவராக்கினது மொட்டைதான், வேற யாருமில்ல" என்கிறார் அத்தான். நான் சிறையில் பட்டதெல்லாம் அவருக்கு அவ்வளவு லேசாகப் போய்விட்டது. அதனால்தான், "மொட்டை மாதிரி நல்லவர் உண்டா?" என்று கத்திவிட்டுப் பாதியில் எழுந்து போனேன்.

தம்பி

மார்ச் 14

அடே தம்பி,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நேற்று சலூன் டிவியில் மொட்டைத் தலைவரைக் காட்டினார்கள். உன் அத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தங்கமான மனுஷன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவர்தான் நாட்டைக் கெடுத்தார்னு சொல்லி என் தம்பிய விரட்டினீங்களே!"

"இவரையா? நான் எப்ப சொன்னேன்?"

"மொட்டைன்னு சொல்லல?"

"அடியே, நான் சொன்னது அந்தச் சுருட்டைய! அது அத்தனையும் விக்கு. உள்ள பளபளன்னு மொட்டை. முடிவெட்டறவங்க நடுவுல அவனுக்குப் பேரே மொட்டைதான்!"

பாதி முகம் சவரமான ஆள் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். உன் அத்தான் சிரிக்கவில்லை. "உன் தம்பிய உள்ள தள்ளினானேங்கற ஆத்திரத்துலதான் அன்னைக்கு அவனைத் திட்டினேன். இவன் போய் அவனுக்கே பரிஞ்சு பேசறானேன்னு மனசு விட்டுப்போச்சு" என்றார். அப்புறம் வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வையாம்.

உன் அக்கா

மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். "அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் திட்டிட்டிருந்தீங்களா?" என்று உன் தம்பி பொண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு நேற்றுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அத்தானைத் தப்பாக நினைத்தது போதும்.

அந்தச் சுருட்டை முடிக்காரன் பேரைச் சொல்லப் பயந்துதான் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பட்டப்பேர் வைத்தோம். அவன் ஒழிந்து இவ்வளவு காலமாகியும், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட யாருக்கும் பேர் வாயில் வரவில்லை. ஒருத்தர் சொல்லியிருந்தால் என் மகள் பிறந்த அன்றே உன் மடியில் இருந்திருப்பாள். அவன் செய்த கேடுகளில் இதை யாரும் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

ஞாயிறு காலை மூன்று பேரும் வருகிறோம். அத்தானிடம் சொல்லிவை. வாசலில் நின்று, அவன் பேரை முழுசாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன். இங்கேயே எழுதலாம் என்று பார்த்தேன். கை இன்னும் வரமாட்டேன் என்கிறது, அக்கா.

உன் தம்பி