செங்காந்தள் பதிவின் முதல் வாக்கியம்

அனுப்புநர்:
திருமதி அபயாம்பாள் அனந்தராமன்,
கச்சேரி சாலை அருகில்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
தமிழ் மின்களஞ்சியக் கழகம்,
ராஜா அண்ணாமலைபுரம், சென்னை – 600 028.

பொருள்: கழகத்தின் இணையக் கலைக்களஞ்சியம் – ‘செங்காந்தள்’ பதிவின் முதல் வாக்கியம் – அதைப் படித்தவர் குடும்பத்துக்கு நேர்ந்த ஆபத்து – குறுந்தகடு வெளிவரும் முன் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் காலஞ்சென்ற கணவர் பேராசிரியர் அனந்தராமன் அவர்களின் பெயரையும் பட்டங்களையும் கலைக்களஞ்சியத்திலிருந்து யாரோ நீக்கிவிட்டதாகவும், அந்தக் கோபத்தில் நான் ஆசிரியர் குழுவை விட்டு விலகிவிட்டதாகவும் தங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று அறிகிறேன். இரண்டும் தவறு. நான் விலகவில்லை. பெயரை நீக்கியவள் நானே. அதைத் திரும்பச் சேர்த்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். கடைசிக் கூட்டத்தில் நான் குரலை உயர்த்திப் பேசியதாகவும் சொல்கிறார்கள். அது உண்மை.

2. தாங்கள் சென்ற மாதம்தான் பொறுப்பேற்றிருப்பதால் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழகம் இணையத்தில் ஏற்றிவரும் கலைக்களஞ்சியத்தின் தாவரப் பதிவுகளை ஊதியமின்றிச் சரிபார்த்துக் கொடுக்கும்படி குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். என் கணவரின் கையெழுத்துக் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது ஒரு காரணம். நான் படித்த கான்வென்ட்டில் ஒரு கன்னியாஸ்திரீ எங்கள் கட்டுரைகளைத் திருத்தும் முறை வேறு மாதிரி இருக்கும். முதல் வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, உடனே நோட்டை மூடச் சொல்லுவார். இப்போது உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார். ஒன்றும் தெரியாவிட்டால் கட்டுரை திரும்பி வரும். அந்தப் பரீட்சையைத்தான் கழகத்தின் பதிவுகளுக்கும் நான் வைத்தேன். பெரும்பாலானவை தேறவில்லை.

3. தேறாததற்குக் காரணம் குழுவினரின் அறியாமை அல்ல; மரியாதை. நம் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்திம்பேர், அவர்களின் உத்தியோகம், பூர்வீக ஊர் எல்லாம் வந்த பிறகுதான் பெண்ணும் பிள்ளையும் வருவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு வராது. கலைக்களஞ்சியத்தின் முதல் வாக்கியத்தையும் குழுவினர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓர் உறுப்பினர் கொண்டுவந்த செய்தியை இரண்டாவது வாக்கியத்துக்குத் தள்ளினால் அவரை இரண்டாவது பந்தியில் உட்காரவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே யாருடையதும் தள்ளப்படுவதில்லை. ‘அடையாறு’ பதிவின் முதல் வாக்கியத்தில் அங்கே வாழ்ந்த பெரியவர்களின் பெயர்களும் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களும் இருக்கின்றன. அது சென்னையில் இருக்கிறது என்ற செய்தி இல்லை. இதற்காக நான் புகார் மனு எழுதியிருக்க மாட்டேன். சிரித்துவிட்டுத் திருத்தி அனுப்பியிருப்பேன். பலமுறை அப்படித்தான் செய்தேன்.

4. ‘செங்காந்தள்’ பதிவின் முதல் வாக்கியம் இன்று காலை வரை இணையத்தில் உள்ளபடி பின்வருமாறு:

“செங்காந்தள் (காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு, வெண்தோண்டி, அக்கினிச்சலம் என வட்டாரந்தோறும் வழங்கப்பெறுவதும், வடமொழியில் லாங்கலி எனப்படுவதும்) என்பது தமிழ்நாட்டின் மாநில மலராகத் திகழ்வதும், சங்கப் புலவர்களால் மகளிரின் மெல்விரல்களுக்கு உவமையாக்கப்பட்டதும், முருகப்பெருமானுக்கு உகந்ததாகப் போற்றப்படுவதும், இதன் கிழங்கு மூட்டுவலி உள்ளிட்ட பிணிகளுக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படுத்தப்படுவதும், மயிலாப்பூர் பேராசிரியர் முனைவர் அனந்தராமன் அவர்களால் வாழ்நாள் முழுதும் ஆராயப்பெற்ற சிறப்புக்குரியதும், கிழங்கு முதல் விதை வரை எல்லாப் பகுதிகளிலும் உயிரைப் போக்கும் நஞ்சு கொண்டதுமான ஒரு கொடி ஆகும்.”

கடைசி வரிக்கு முன்பு எந்த இடத்தில் நிறுத்தினாலும் இது ஒரு நல்ல செடி. அதைத் தாங்கள் கவனிக்கக் கோருகிறேன்.

5. நான் கொடுத்த திருத்தத்தில் நஞ்சு என்ற செய்தி முதலில் இருந்தது. என் கணவரின் பெயர் இல்லை. இணைச் செயலர் திரு. ஸ்ரீகிருஷ்ணா, “மாமி, உங்காத்து மாமா பேரை நீங்களே எடுத்துட்டேள்னா, நாளைக்கு நாங்கன்னா மரியாதை தெரியாதவான்னு பேர் வாங்குவோம்” என்று தொலைபேசியில் சொன்னார். அவர் நல்ல பிள்ளை. என் கணவரிடம் படித்தவர். நான் எடுத்தது எடுத்ததுதான் என்று சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு உடம்பு சரியில்லாததால் போகவில்லை. அந்தக் கூட்டத்தில், ‘குடும்பத்தாரின் உணர்வுக்கு மதிப்பளித்து’ என்று பதிவுசெய்து பழைய வாக்கியத்தையே திரும்ப ஏற்றினார்கள். அவருடைய குடும்பத்தில் மீதமிருப்பவள் நான் ஒருத்தி. என் உணர்வை யாரும் கேட்கவில்லை.

6. இனி, நடந்ததைச் சொல்கிறேன். ராயப்பேட்டையில் சகினா என்ற பெண்மணி தையல் வேலை செய்கிறார். என் ரவிக்கைகளைப் பல வருடங்களாக அவர்தான் தைக்கிறார். என் கணவர் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தால் சகினா அவருடைய செடிகளைப் பற்றி ஏதாவது கேட்காமல் போகமாட்டார். ஆதம்பாக்கத்தில் அவர்கள் ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடந்த மழையில் அங்கே வேலி ஓரம் தோண்டியபோது கலப்பை வடிவத்தில் சில கிழங்குகள் கிடைத்தன. கலப்பைக்கிழங்கு, மருந்துக்கு ஆகும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். சகினாவுக்கு நெடுநாளாக மூட்டுவலி. ஆனாலும் அவர் கேள்விப்பட்டதை அப்படியே நம்பவில்லை. விசாரித்துவிட்டுச் செய்யலாம் என்று தன் தம்பி ஷாஹுல் ஹமீதிடம் சொன்னார். படித்தவர்கள் செய்யவேண்டிய காரியத்தைத்தான் அந்தக் குடும்பம் செய்தது.

7. ஷாஹுல் ஹமீது ராயப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். கழகத்தின் எழுத்துருவைத் தன் கணிப்பொறிகளில் இறக்கி வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைக்களஞ்சியத்தைக் காட்டுகிறவர். தாங்கள் அறிவீர்கள், தொலைபேசி இணைப்பில் ஒரு பக்கம் முழுதாக வருவதில்லை. வரிவரியாக வந்து சேரும். அன்று கலப்பைக்கிழங்கு என்று தேடி அவர் இந்தப் பதிவைத் திறந்தபோது, மழையில் இணைப்பு பாதியில் அறுந்தது. வந்தவரைக்கும் அவர் அச்செடுத்தார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அது ‘ஆராயப்பெற்ற’ என்ற சொல்லோடு நிற்கிறது.

8. அதாவது, அந்தத் தாளில் மாநில மலர் இருக்கிறது. சங்கப் புலவர்கள் இருக்கிறார்கள். முருகப்பெருமான் இருக்கிறார். மூட்டுவலிக்கு மருந்து என்பது இருக்கிறது. கடைசியாக என் கணவர் இருக்கிறார். நஞ்சு இல்லை.

9. சகினாவின் மகள் சிம்ரா, வயது பத்தொன்பது, கல்லூரி மாணவி. அவள்தான் கிழங்கை வேகவைத்தாள். அம்மா மருந்தைக் கண்ட மாதிரி முகம் சுளித்ததால் துணைக்குத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சகினா சிறிது நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டார். அதனால் பிழைத்தார். சிம்ராவுக்கு விடியும் வரை ஒன்றும் தெரியவில்லை, பிறகு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் பிழைப்பாளா என்பதை ஒரு வாரம் வரை மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. நான் சேதி கேட்டுப் போனபோது ஷாஹுல் ஹமீது வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என்னிடம் நீட்டி, “மாமி, சார் பேரே போட்டுகீது. அப்பால இன்னா பயம்னுதான் குடுத்தோம்” என்றார்.

நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். அதற்கான பதிலைத் தங்களுக்குச் சொல்கிறேன். என் கணவர் கல்லூரியில் செங்காந்தள் பாடம் எடுக்கும்போது பூவை உயரத் தூக்கிப் பிடித்து, “இது கொல்லும். இனிமேல் இதன் அழகைப் பார்க்கலாம்” என்றுதான் தொடங்குவார். வருடாவருடம் அதே இரண்டு வாக்கியம். அந்த வரிசையை ஒருபோதும் மாற்றியதில்லை. திரு. ஸ்ரீகிருஷ்ணாவும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்தான். அப்படிப்பட்டவரின் பெயரை அந்தச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அதை மரியாதை என்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை அவர் பெயரை நம்பிச் சாப்பிட்டாள்.

10. சிம்ரா பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுடைய முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இந்த நஞ்சு அப்படிச் செய்யும் என்று என் கணவரின் குறிப்பிலேயே இருக்கிறது. திரும்ப வளரும் என்றும் இருக்கிறது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். சகினா என்னைக் குறை சொல்லவில்லை. தைத்து முடித்த ரவிக்கையைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குறை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

11. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி ஆசிரியர் குழுவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். “பாத்துக்கறோம் மாமி” என்று தொலைபேசியில் பதில் வந்தது. பிறகு கூட்டம் கூடியது. அங்கே ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை என்பதையும் எழுத வேண்டும். சிம்ராவின் மருத்துவத்துக்கு உதவலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். ஆனால் வாக்கியத்தைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவு இதுதான்: ‘நஞ்சு’ என்பதற்கு முன்னால் ‘மிகுந்த கவனத்துடன் கையாளப்பட வேண்டியதும்’ என்று இன்னொரு தொடரைச் சேர்ப்பது. நான் குரலை உயர்த்தியது அப்போதுதான்.

நஞ்சை முன்னால் கொண்டுவந்தால் மாநில மலருக்கு அவமதிப்பு ஆகும் என்றார் ஒருவர். முருகனைப் பின்னால் போடுவதா என்றார் இன்னொருவர். நான் தினமும் கபாலீசுவரர் கோயிலுக்குப் போகிறவள். அங்கே சிங்காரவேலர் சந்நிதியில் நின்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் உயிருக்காக இரண்டாவது வாக்கியத்துக்குப் போகச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

12. இன்று நான் இந்த மனுவை எழுதுவதற்குக் காரணம் அவசரம். இணையத்தில் உள்ள வாக்கியத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் பொங்கலுக்குள் கலைக்களஞ்சியத்தைக் குறுந்தகடாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பக் கழகம் ஏற்பாடு செய்திருக்கிறது. தகடு ஒருமுறை பதிந்தால் அதிலுள்ளதை யாராலும் மாற்ற முடியாது என்று தங்கள் கணிப்பொறிப் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் இணைப்பு அறுந்துபோகாது என்று திரு. ஸ்ரீகிருஷ்ணா சமாதானம் சொல்கிறார். இணைப்பு அறுந்துபோகாவிட்டாலும் பிள்ளைகளின் பொறுமை அறுந்துபோகும். ஆறு பெயர்களைத் தாண்டி, பின்னால் இருப்பதையெல்லாம் தாண்டி, கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. கிராமத்துப் பள்ளிகளில் வேலியோரம் இந்தக் கொடி இருக்கும்.

13. ஆகவே தங்களை நான் கேட்பது:

‘செங்காந்தள்’ பதிவு பின்வருமாறு தொடங்க வேண்டும்: “செங்காந்தள் கொல்லும் நஞ்சுள்ள ஒரு கொடி. இதன் எந்தப் பகுதியையும், முக்கியமாகக் கிழங்கை, உண்ணக் கூடாது.” மாநில மலர், இலக்கியம், வழிபாடு, மருத்துவம், மற்றப் பெயர்கள் எல்லாம் அதற்குப் பிறகு எந்த வரிசையில் வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு பெயரைத் தவிர. என் கணவரின் பெயர் அந்தப் பதிவில் எங்குமே வரக் கூடாது. இதை அவருடைய மனைவி என்ற முறையில் எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். இனி குடும்பத்தாரின் உணர்வு என்ன என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

அந்த மாற்றம் நடக்கும் வரை தகடு பதியும் வேலையை நிறுத்தி வைக்க உத்தரவிட வேண்டும். மற்ற நச்சுத் தாவரங்களின் பதிவுகளையும் அதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவற்றின் முதல் வாக்கியங்களை எழுதிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். என் கண்பார்வை நன்றாக இருக்கிறது. நாளைக்கே கொடுக்க முடியும்.

14. ஷாஹுல் ஹமீது எடுத்த அச்சுத்தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மூலத்தைத் தர இயலாது. அதை அவரிடம் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். திருத்திய பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க நினைத்திருக்கிறேன்.

15. இதுவரை எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் தொலைபேசியில் கிடைத்தவை. மாற்றம் செய்யப்படும் என்றோ, செய்யப்படாது என்றோ, தங்கள் கையொப்பத்துடன் எழுத்துமூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மயிலாப்பூர்
நாள்: 6-12-1999

இப்படிக்கு,
அபயாம்பாள் அனந்தராமன்
(ஒப்பம்)

இணைப்பு: அச்சுத்தாளின் நகல் – ஒரு பக்கம்.