உன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவள்

என் தங்கமே, தனம்,

அப்பா பேசுகிறேன். எழுதுவது உன் மகள் சந்தியா. எனக்கு எழுத்து தெரியாதது உனக்குப் புதுசில்லை. கண்ணும் இப்போது உப்பளத்து வெயிலோடு மங்கிவிட்டது. நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று அவளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பற்றிய இடம் வந்தால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

உன் நினைவு நாளுக்குப் படையல் போட்டோம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்கலாம் என்றார் உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை. நான்தான் வேண்டாம் என்றேன். பேனரில் உன் போட்டோவும் நாலு வரியும்தான் பிடிக்கும். எனக்கு உன்னோடு ஒரு வழக்கே இருக்கிறது. அதை இப்படிக் கடுதாசியாகப் போடுகிறேன், ஊரும் கேட்கட்டும்.

சந்தியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்குக் கூழ் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வருவாள். அவளைத் தூரத்தில் பார்த்ததும் தலைக் கூடையை இறக்கிவிட்டு ஓடுவாய். "ரோட்டுலயே நில்லு, உள்ள வராத." கூழ்த் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாய். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். "ஏம்மே தனம், உம் பொண்ணு காலு இன்னா பால்ல கழுவின காலா?" நீ விடமாட்டாய். "ஆமா. அதுக்கு இப்ப இன்னா?"

அவள் வரப்பில்கூடக் கால் வைத்ததில்லை, நீ இருந்தவரைக்கும்.

ஒதுங்க ஒரு மறைவு இல்லாத இடத்தில், தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று குடிக்காமலே வேலை பார்த்தாய். சிறுநீரகம் கெட்டுப்போனதைக் கடைசியில்தான் சொன்னார்கள். உன் வைத்தியத்தில் வீடு காலியானது, நீயும் போய்ச் சேர்ந்தாய். சந்தியா பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளை வேலைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் விடியலில் எழுந்து பார்த்தேன், கொடியில் உன் முழுக்கைச் சட்டை இல்லை. அவள் அதைச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு, நீ உப்பு வாரிய பாத்தியிலேயே போய் நின்றிருந்தாள். அந்த வருஷம் முழுக்க நின்றாள். அடுத்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்தாள்.

இப்போது கடைசி வருஷம். காலேஜுக்கே கம்பெனிக்காரர்கள் வந்து ஆள் எடுக்கிறார்களாம். அதற்கு வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். நான்தான் கம்பெனி. கேள்விகளைப் போனில் பேசவிட்டுக் கேட்கவைத்தாள். எனக்குக் காதில் விழுந்தால் போதும், தெரியுமே உனக்கு. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஆரம்பித்து வரிசையாகக் கேட்பேன். "தாத்தா, சிரிக்காத. தொடையச் சொறியாத. மேனேஜர் எல்லாம் சொறிய மாட்டாரு" என்பாள். பதிலின் அர்த்தம் எனக்குப் புரியாது. ஆனால் நேற்றுச் சொன்னதற்கும் இன்றைக்குச் சொல்வதற்கும் எங்கே வித்தியாசம் என்று சொல்லிவிடுவேன்.

படிப்பில் ஏன் ஒரு வருஷம் விட்டுப்போனது என்று ஒரு கேள்வி. அதற்கு அவள் சொன்ன பதில் ஒரு நாள் ரொம்பச் சின்னதாகிப்போனது.

"இன்னாது, பாதிய முழுங்கிட்ட?"

"உடம்பு சரியில்லாம இருந்தேன்னு சொன்னேன் தாத்தா."

"யாரு?"

"நான்தான்."

"உனக்கு இன்னா வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. காலேஜ்ல டிரெய்னிங் குடுக்கிற சார் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. உப்பளம்னு ஆரம்பிச்சா நோண்டிக்கினே இருப்பாங்களாம். உடம்புன்னா அதோட விட்டுடுவாங்களாம்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் வீட்டில் நோயில் கிடந்தது ஒருத்தி. அந்த நோயை எடுத்து இவள் தன் பேரில் போட்டுக்கொள்கிறாள், நீ விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்ததை மறைக்கிறாள். "நான் அந்தக் கேள்விய கேக்க மாட்டேன். வேற கம்பெனிய பாரு" என்றேன்.

"வேலை கெடைக்கலன்னா நீ போட்டுக் குடுப்பியா?"

"குடுக்கிறேன். நீதான் மேனேஜர். ஆனா அதுக்கும் இன்டர்வியூ உண்டு."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பயம். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் எங்கெங்கோ போகப் போகிறார்கள், தான் மட்டும் அந்தச் சட்டைக்கே திரும்ப வேண்டியிருக்குமோ என்று. நடுவில் மாப்பிள்ளை வந்தார். "மாமா, நீங்க சும்மா இருங்க. ஒரு பொய்யில இன்னா ஆயிடப் போவுது? தனம் இருந்தா அவளே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பா."

அதுவும் சரிதான். சொல்லியிருப்பாய். ரோட்டில் நிறுத்தியவள் நீதானே.

அந்தப் பதிலோடுதான் காலேஜ் இன்டர்வியூவுக்குப் போனாள். சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

கேள்வி கேட்டவர்களில் ஒரு அம்மா இருந்தாராம், உன் வயசு. சந்தியா அந்தப் பொய்யைச் சொன்னதும் மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்திருக்கிறார்கள், சார் சொன்ன மாதிரியே. அந்த அம்மா மட்டும் தமிழில் கேட்டிருக்கிறார். "இப்போ உடம்பு பரவாயில்லையாம்மா?" எல்லாக் கேள்விக்கும் தயார் செய்திருந்தோம். இதற்குச் செய்யவில்லை.

"குணமாயிடுச்சுன்னு சொல்லணும் தாத்தா. அவ்ளோதான். வாய் வரல. ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட அதத்தான கடைசிவரைக்கும் சொல்லிக்கினு இருந்தோம்."

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எழுது என்றேன். எழுதுகிறாள்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "உடம்பு சரியில்லாம இருந்தது நானில்லை, எங்க அம்மா. குணமாகல. ஒரு வருஷம் அவங்க இடத்துல நான் உப்பு வாரினேன்." பக்கத்தில் இருந்தவர் கேட்டாராம், "அப்ப மொதல்ல சொன்னது பொய்யா?" "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

வேலைக்கு எடுத்த பிள்ளைகள் பட்டியலில் அவள் பேர் இல்லை. டிரெய்னிங் சார் கூப்பிட்டு, "உண்மை பேசறதுக்கு இது கோர்ட்டு இல்லம்மா. அடுத்த தடவையாவது சொல்லிக்குடுத்தத சொல்லு" என்றாராம். அவரைத் திட்ட மாட்டேன். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அவரும் கத்துகிறார்.

இனி இவள் அந்தப் பொய்யை ஒழுங்காக மனப்பாடம் செய்வாள் என்றுதான் நினைத்தேன். சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு தாத்தா. திங்கக்கெழமை இன்டர்வியூ."

"நான்தான் கேக்க மாட்டேன்னு சொன்னேனே."

"அந்தக் கேள்வியத்தான் மொதல்ல கேளு."

கேட்டேன். இங்கிலீஷில் பதில் சொன்னாள். இந்தத் தடவை அது சின்னதாக இல்லை. நடுவில் 'மதர்' என்றாள். 'சால்ட்' என்றாள். அது ரெண்டும் எனக்குத் தெரியும். முழுசையும் தமிழில் சொல்லச் சொன்னேன். "எங்க அம்மா தனம் செத்துட்டாங்க. அவங்க செஞ்ச வேலைய ஒரு வருஷம் நான் செஞ்சேன். நான் வாரின உப்ப நீங்களும் தின்னிருக்கலாம்."

"கடைசியில சொன்னது சாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அடிச்சிடுவாரு."

மாப்பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். நீ எதற்கு அவளை ரோட்டில் நிறுத்தினாய்? கால் புண்ணாகும் என்றா, பேர் கெடும் என்றா? காலுக்காக என்றால் நான் உன் பக்கம். பேருக்காக என்றால் கேட்டுக்கொள். உப்பில் நின்றவளுக்கு என்ன வெட்கம்? ஒதுங்க ஒரு மறைவு கட்டிக் கொடுக்காமல் உங்களிடம் வேலை வாங்கினவன் எந்த இன்டர்வியூவில் தலைகுனிந்தான்? அவனிடம் யாராவது கேள்வி கேட்டார்களா? நம் பிள்ளை மட்டும் எதற்கு இல்லாத நோயைச் சொல்ல வேண்டும்?

இந்த வேலையும் கிடைக்காமல் போகலாம். போகட்டும், என் நாற்காலி எங்கேயும் போகாது. திங்கட்கிழமை ராத்திரி அவள் வந்து இறங்கியதும் வேலை கிடைத்ததா என்று இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலில், அம்மா பேரைச் சொன்னாயா என்று கேட்பேன். நான் இருக்கிறவரை அந்த வரிசை மாறாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. கோபம் இருந்தால் கனவில் வந்து சண்டை போடு.

உன் பேச்சை மீறிய,
உன்னைத் தோளில் சுமந்த அப்பன்,
கன்னியப்பன்