காற்று அசையாத நாளில் அடுப்பு எரியக்கூடாது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பக்கத்து அறையில் உன் அப்பா இருமி அதைப் பொய்யாக்கிவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சலவைக் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் உன்னோடு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் பாசம் புரிகிறது கண்ணு, ஆனால் வரமாட்டேன். கோபப்படாமல் முழுக்கப் படி.

குளிர் வந்ததும் தெருவில் மூட்டம் இறங்கிவிட்டது. காலையில் மாடியில் வெள்ளை விரிப்பைக் காயப்போட்டால் மதியம் அதைத் தொட்ட விரல் கறுக்கிறது. துணிக்கே இந்தக் கதி என்றால் நெஞ்சுக்கு என்ன கதி. தெருக்கோடி லாட்ஜில் வெந்நீர் பாய்லருக்கு உடைந்த பலகை, கிழிந்த மெத்தை, பிளாஸ்டிக் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு எரிக்கிறார்கள். மேனேஜரைக் கேட்டதற்கு, "வருஷம் பூரா எரிக்கிறோம், இப்ப மட்டும் எப்படிம்மா புகை வரும், இது பனி" என்று சொல்லிவிட்டான். நானும் குழம்பித்தான் போனேன். அப்பாவைப் பார்க்கிற டாக்டரம்மாதான் விளக்கினார். வெயில் காலத்தில் தரை சூடாகிப் புகையை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுமாம். குளிரில் தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே கிடக்க, சூடான காற்று அதன் மேல் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. காற்று வீசவும் இல்லையென்றால் புகைக்குப் போக்கிடம் ஏது, கண்ணுக்குத் தெரியாத தூசியாக நம் நுரையீரலுக்குத்தான் வருகிறது.

மறுநாளே மேனேஜரிடம் போய், "மூடி போட்டது வானம்தான், அடுப்பு மூட்டினது நீங்கதானே" என்றேன். "காத்து அடிக்காததுக்கு நான் என்ன பண்றது" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் துவைக்க அனுப்பியிருந்த விரிப்புகளை மூட்டையாகவே கொண்டுபோய், தங்க வந்தவர்கள் பார்க்க அவன் வரவேற்பறையில் இறக்கினேன். காற்றில்லாத நாளில் பாய்லர் எரியாது என்றால்தான் துவைப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் கடை வெந்நீர் அடுப்பையும் அன்றே அணைத்தேன், ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரும் சொல்லக்கூடாது பார். பச்சைத் தண்ணீரில் துவைத்து விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, கையெழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். நம் பிழைப்பில் பாதி அந்த லாட்ஜ். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மூட்டை எதிர்ச் சலவைக் கடைக்குப் போனது. அந்த மகாராணியைத்தான் உனக்குத் தெரியுமே, எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ வாசலை மறித்து நின்று, "எதிர்வீட்டு இருமல் எனக்கும் கேக்குது, எம் பிள்ளைக்கும் அதே இருமல்தான், எடுத்துட்டுப் போங்க" என்று தெருவே கேட்கக் கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

கட்டிலில் விரிக்கத் துணியில்லாமல் போனதும் மேனேஜரே மூட்டையோடு நம் கடைக்கு வந்தான். பாய்லரை நிறுத்திவிட்டுக் கரண்ட் ஹீட்டர் போடுகிறோம் என்றான். வாய்ப்பேச்சுக்கு மூட்டையை அவிழ்க்க நான் என்ன ஏமாளியா, செய்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டேன். இன்று காலை இலைகூட அசையவில்லை. மாடியில் நின்று பார்த்தேன், லாட்ஜ் புகைபோக்கி சும்மா நிற்கிறது. மூட்டம் முழுக்க விலகவில்லை, பஸ் டெப்போவில் வண்டிகளை விடிந்ததிலிருந்து உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உன் அப்பா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார், ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "டெப்போ ஆளுங்க சீருடையும் நம்மகிட்டதான வருது?" என்று கேட்டார்.

அதனால் டிக்கெட் எதுவும் போடாதே. போக வேண்டியது புகை, நாங்கள் இல்லை. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். குழந்தையைக் குளிரில் காது மூடாமல் வெளியே விடாதே. அப்பாவிடம் பேசும்போது நீயும் பயந்து அவரையும் பயமுறுத்தாதே.

இப்படிக்கு,
எங்கும் வராத உன் அம்மா