பிழை இல்லாத மனிதர்

இலண்டன்
3.2.2025

அன்புத் தங்கச்சி ஜுமானா,

அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் நீங்கள் எடுத்த காட்சிகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டேன். ஷொட்டுக்கு ஷொட்டு தொடர்ச்சி பார்த்து எழுதத்தானே உனக்குக் கொப்பி தந்தார்கள்? குடித்து முடித்த தேத்தண்ணி அடுத்த ஷொட்டில் திரும்ப நிறைந்திருக்கிறது. கதாநாயகியின் காப்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறது. போதாததற்கு, மூன்று காட்சிகளில் அவளுக்குப் பின்னால் கோடு போட்ட சட்டையோடு ஒரு மனிதர், நனைந்தபடி. யாரடி அவர்?

உன் ராத்தா,
ரிப்கா

கிண்ணியா
6.2.2025

அன்பு ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். காப்பும் தேத்தண்ணியும் என் பிழைதான், ஏசுங்கள். அந்த மனிதரை நான் காணவில்லை. ஒவ்வொரு ஷொட்டுக்கும் போனில் படம் எடுத்து வைக்கிறேன், அதிலும் இல்லை. டைரக்டர் அகீலிடம் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கல்லயே" என்றார். முகம் தெரிகிறதா?

ஜுமானா

இலண்டன்
9.2.2025

தங்கச்சி,

முகம் தெரியவில்லை. எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சட்டையின் இரண்டாவது பொத்தான் சிவப்பு நூலால் தைத்திருக்கிறது. உன் நஸ்ரி கடைசியாகக் கடலுக்குப் போன அன்று காலையில் நீ தைத்துக் கொடுத்தது.

உன் வீட்டு வாசலை முதல் நாளே எடுத்தீர்கள். பிறகு வீட்டுக்கு வரும் ஒழுங்கை, அதற்குப் பிறகு கடற்கரை. கதைப்படி அடுக்கினால் அவர் கடற்கரையிலிருந்து ஒழுங்கைக்கும், அங்கிருந்து வாசலுக்கும் நடந்து வருகிறார். படம் முழுக்கப் பிழையே இல்லாதவர் அவர் ஒருவர்தான். மிச்சம் இருப்பது வீட்டுக்குள் நடக்கும் கடைசிக் காட்சி. அதை வேறு வீட்டில் எடுக்கச் சொல். எனக்குப் பயமாயிருக்கிறது.

ராத்தா

கிண்ணியா
12.2.2025

ராத்தா,

அது ஏலாது. இரண்டு வருசமாக எல்லோரும் என்னை விதவையாக இத்தா இருக்கச் சொன்னார்கள். கடலில் போனவரின் மையித்தைக்கூடக் காணாமல் எப்படி இருப்பது என்று சண்டை பிடித்தேன். இப்போது அவர் வாசல்வரை வந்திருக்கிறார், நான் கதவைச் சாத்தவா? அவருடைய கதிரையைக் கதவுக்கு நேரே போட்டிருக்கிறேன். இந்த முறை என் கொப்பியில் ஒரு பிழையும் வராது.

ஜுமானா

இலண்டன்
20.2.2025

என் தங்கச்சி,

கடைசிக் காட்சி வந்து சேர்ந்தது. கதிரையில் யாருமில்லை, ஈரம் மட்டும் இருக்கிறது.

ஐந்து நாளாக உனக்குப் போன் எடுக்கிறேன். "கட் சொன்ன உடனே கொப்பியோட வெளிய போனவ. எல்லா இடமும் தேடிட்டம்" என்கிறார் அகீல்.

இன்று கடற்கரைக் காட்சியைத் திரும்பத் திறந்தேன். கதாநாயகிக்குப் பின்னால் இப்போது இரண்டு பேர். உன் முக்காடு நனைந்திருக்கிறது, கையில் கொப்பி. கதாநாயகியின் காப்பு இப்போது சரியான கையில் இருக்கிறது. தேத்தண்ணியும் சரியான அளவில் இருக்கிறது.

ஒரு பிழையையாவது எனக்காக விட்டு வைத்திருக்கக் கூடாதா, ஜுமானா? பதில் போடு.

ராத்தா