ஒடிந்தே வந்த வண்டி

மயிலம் முருகன் துணை

விழுப்புரம்,
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம்.

சைகோன் பட்டணத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, வெள்ளையம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவது எல்லாக் கடிதத்துக்கும் உள்ள வழக்கம். இதில் அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. எல்லோரும் என்றால் எல்லோரும்தான். என் அப்பாவும் சுகம். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு இதை இன்னொரு தடவை படியுங்கள். அப்பா சாகவில்லை. நான் இதை எழுதும்போது கூடத்தில் உட்கார்ந்து விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மற்றபடி முன்னைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார், முன்னைவிட அதிகமாகவே கோபப்படுகிறார்.

கண்டமங்கலம் தேவசகாயம் லீவில் ஊருக்கு வந்தவர், போன வாரம் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "அம்மா, உங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காருங்க. சைகோன்ல எங்க கிடங்குலதான் மூட்டை தூக்கறாரு" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாம் கேட்டேன். நீங்கள் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுகிறீர்களாம். யாரோடும் பேசுவதில்லையாம். அமாவாசை தோறும் அப்பாவின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறீர்களாம்.

அதைக் கேட்டதும் அப்பா, "அடப்பாவி, அதாண்டா அமாவாசைன்னா எனக்குத் தாகமே எடுக்கிறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கட்டையை ஊன்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகும் வழியில், மலை கண்ணுக்குத் தெரிந்ததும் அப்பா, "தம்பி, கோபுரத்தப் பாரு" என்று கையைக் காட்டினார். நீங்கள் பார்த்தீர்கள். அங்கிருந்த வளைவில்தான் நம் மோட்டார் வண்டி புளியமரத்தில் மோதியது. அப்பாவை மாட்டுவண்டியில் ஏற்றும்போது மூச்சுப் பேச்சில்லை. கூட்டத்தில் யாரோ "பெரியவரு பூட்டாரு" என்று கத்தினார்கள். நானும் அழுதுகொண்டே மாட்டுவண்டியில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு, "மலையைப் பாத்துக்கினு இருந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்களை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் அப்பா கண் விழித்தார். சொல்வதற்கு உங்களைத் தேடினால், நீங்கள் கண்டமங்கலம் தாண்டி பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் போய்விட்டதாக மறுநாள் சொன்னார்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. நான் பின் ஸீட்டில் தேங்காய்ப் பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மலையைப் பார்த்தது நிஜம். ஆனால் உடனே சாலையைப் பார்த்துவிட்டீர்கள். கையில் பிடித்திருந்த சக்கரத்தை வலது பக்கம் சுற்றினீர்கள். இரண்டு கையாலும் சுற்றினீர்கள். சக்கரம் ராட்டினம்போல் சுற்றியது, வண்டி அதன் பாட்டுக்கு இடது பக்கம் போயிற்று. இதை நான் யாரிடம் சொன்னாலும், பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள்.

உடைந்த வண்டியை ஏர்மாடு கட்டி இழுத்து வந்து நம் களத்தில் விட்டிருந்தோம். வண்டியைச் செய்து விற்ற சீமைக் கம்பெனியின் திண்டிவனம் கிளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரிப்பேர் செய்து தருகிறோம், முன்பக்கத்து இரும்புகளை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறோம் என்றார்கள். புது வண்டி, மாவிலைத் தோரணம்கூட முழுதாக உதிரவில்லை. எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் கடைசியாகப் பிடித்திருந்தது அது. ரசீது என் பேரில் இருக்கிறது, ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஏழரைச் சனி என்று ஜோசியர் சொன்னதால்தானே என் பேரில் வாங்கினீர்கள்? அந்தச் சனி நல்ல சனி. வண்டி என் பேரில் இருந்ததால்தான் கம்பெனி மேல் நான் வழக்குப் போட முடிந்தது.

வக்கீல் துரைக்கண்ணு அவர்களிடம் போனேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு வண்டியை வந்து பார்த்தார். முன் சக்கரங்களைத் திருப்புகிற இரும்புத் தண்டு இரண்டாக ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோதியதால் ஒடிந்ததா, ஒடிந்ததால் மோதியதா, கேஸ் அதுதான் என்றார். விற்கிற பொருள் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். நான் அதுவரை சட்டம் என்றால் நம்மைப் பிடித்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனியார் கோர்ட்டில் எழுதிக் கொடுத்த பதிலை வக்கீல் படித்துக் காட்டினார். வண்டி குற்றமற்றது, ஓட்டியவன் கவனமில்லாதவன், குடித்திருக்கவும் கூடும், குற்றம் இல்லையென்றால் ஏன் ஊரைவிட்டு ஓடினான் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் போனதே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. அப்பாவும் அப்போது அவர்கள் பக்கம்தான். வீட்டில் உங்கள் பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஒற்றைக் காலோடு எழுவதைப் பார்க்க முடியாமல் நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் காலை ரயிலில் திண்டிவனம் போய்வந்தேன். கேஸ் எடுத்துக்கொண்ட நாளை மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் காத்திருந்ததுதான்.

டவாலி வெளியே வந்து என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். அந்தத் தாழ்வாரம் முழுதும் என் பேர் போய்த் திரும்பி வந்தது. அடுத்து அந்தக் கம்பெனியின் பேரையும் அதே மாதிரி, அதே குரலில், மூன்று தடவை கூப்பிட்டார். ரோட்டில் ஆள் உயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தக் கம்பெனியை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வந்தவள் பேரும் கடல் தாண்டி வியாபாரம் செய்கிறவன் பேரும் ஒரே வாயில் ஒரே சத்தத்தில் வந்தது. அதற்கப்புறம் ஜெயித்தாலும் தோற்றாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கூண்டில் ஏறியதும் சத்தியம் வாங்கினார்கள். புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள். புருஷன் பேரை நான் எப்போது வாயால் சொல்லியிருக்கிறேன்? குமாஸ்தா எழுதிக் காட்டச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். எனக்கு என்ன தோன்றியதோ, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, "விருத்தாசலம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் உங்களைக் குடிகாரன், ஓடினவன் என்று சொன்ன இடத்தில் பேரையும் ஒருத்தி சொல்ல வேண்டுமல்லவா?

கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். "நீ அவன் பெண்டாட்டி. அவனைக் காப்பாற்றத்தானே பேசுவாய்?" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் காட்டி, "நான் இவரு பொண்ணும்தானுங்க. இவரு கால்தான் போச்சு" என்றேன். முன்சீப் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தத் தண்டைக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் வைத்தார்கள். அதைப் பரிசோதிக்கக் கோர்ட்டார் மதராஸிலிருந்து ஒரு இஞ்சினீயரை நியமித்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், இருமிக்கொண்டே பேசினார். இரும்பு இப்போதுதான் ஒடிந்தால் ஒடிந்த இடம் கற்கண்டை உடைத்த மாதிரி பளபளவென்று இருக்கும், இதில் பாதி இடம்தான் அப்படி இருக்கிறது, மீதிப் பாதி கறுத்திருக்கிறது, அங்கே முன்பே விரிசல் இருந்திருக்கிறது என்றார். கம்பெனி வக்கீல் உடனே எழுந்து, மேடு பள்ளத்தில் கண்டபடி ஓட்டி அந்த விரிசலை உண்டாக்கியதும் அவனாகவே இருக்கலாமே என்றார். இஞ்சினீயர் இருமி முடித்துவிட்டு, அந்தக் கறுப்பு துருவில்லை, பெயின்ட் என்றார்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். தொழிற்சாலையில் தண்டைச் செய்து முடித்த பிறகு அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்களாம். அப்படி அடித்தபோதே விரிசல் இருந்திருக்கிறது. ஈரப் பெயின்ட் அதற்குள் ஓடி உறைந்திருக்கிறது.

முன்சீப் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தண்டோடு எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். எல்லோரும் எழுந்து நின்றோம். பங்கா விசிறி இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டான். இரண்டு வக்கீல்களும் பார்த்தார்கள். "வாதியும் பார்க்கட்டும்" என்றார் முன்சீப். நானும் பார்த்தேன். பளபளப்புக்குப் பக்கத்தில் கறுப்பு, அதன் ஓரத்தில் மெல்லிசாக, மசி ஓடிக் காய்ந்த மாதிரி ஒரு கோடு. எறும்பு நுழையாத இடத்தில் அது நுழைந்திருந்தது. எனக்குக் கோயிலில் திரை விலகினாற்போல இருந்தது. நாம் வண்டி வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோமே, நீங்கள் லைசன்ஸுக்குப் பழகினீர்களே, அதற்கெல்லாம் முன்னாலேயே, நாம் பேரே கேட்டிராத ஒரு ஊரில் அந்தப் பெயின்ட் அதற்குள் ஓடிக் காய்ந்து காத்திருந்தது. நம் வண்டி ஒடிந்துதான் கப்பல் ஏறியது.

கம்பெனி தரப்பில் அவர்களுடைய இஞ்சினீயர், ஒரு வெள்ளைக்காரர், வந்திருந்தார். அவரும் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றார். நான் நின்ற அதே கூண்டு. நம் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். இது உங்கள் தொழிற்சாலைப் பெயின்ட்தானா? அவர் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். அவருடைய வக்கீல் தொண்டையைக் கனைத்தார். வெள்ளைக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காது சிவந்துபோயிற்று. "எஸ்" என்றார். மொழிபெயர்க்கிறவர், "ஆம் என்கிறார்" என்றார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வெள்ளைக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கம்பெனி. ஆனாலும் உள்ளதைச் சொன்னார். கீழே இறங்கியதும் அப்பாவின் முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்பாவும் கை கூப்பினார். கிளம்புகிற நேரத்தில் அப்பா அந்தத் தண்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொடுத்தார்கள். ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஊர் திரும்ப ரயில் ஏறினோம். மயிலம் மலை ஜன்னலில் தெரிந்தபோது அப்பா, "எத்தினி மாசமா அந்தப் புள்ளையத் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "எங்க போயி என்னத்தத் துன்னுதோ" என்றார். அவ்வளவுதான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு ஆடி மாதம் வந்தது. முன்சீப் இங்கிலீஷில் படித்தார். வண்டி விலையும் ஆஸ்பத்திரிச் செலவும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று டிக்ரி. அவர்கள் அப்பீல் போகாமல் கட்டிவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு நான் எழுத வேண்டியது வேறு வரி. வக்கீலை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். "வண்டியை ஓட்டிய விருத்தாசலம் தன்னால் இயன்றது அனைத்தையும் செய்தார். அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை." உங்களை ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதர், நீங்கள் அங்கே இல்லாதபோது, உங்களைப் பற்றி இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் மேல் போட்டிருந்த போலீஸ் கேஸையும் அதை வைத்தே எடுத்துவிட்டார்கள். ஒருவரும் உங்களைத் தேடவில்லை. என்னைத் தவிர.

இந்தத் தடவை மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மேலண்டைக் கொல்லையில் மல்லாட்டை விதைக்க ஏர் ஓட்டியாயிற்று. அப்பாவால் ஏர் பிடிக்க முடியாது. கூலியாளைத் திட்டியே விரட்டிவிடுகிறார். சிவப்பு எருமை ஈன்றிருக்கிறது. வந்த பணத்தில் என்ன செய்வதென்று நான் முடிவு செய்யவில்லை. இனி மோட்டாரே வேண்டாம் என்றாலும் சரி, நாளைக்கே ஒன்று வாங்கலாம் என்றாலும் சரி. வாங்கினால் அப்பா முன் ஸீட்டில்தான் உட்காருவாராம். சொல்லச் சொன்னார்.

தேவசகாயம் அடுத்த கப்பலில் திரும்புகிறார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கப்பல் விவரமெல்லாம் அவருக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மழையில் நனைந்து மூட்டை தூக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். வருகிற அமாவாசைக்கு யாருக்கும் தண்ணீர் விட வேண்டாம்.

மலைமேல் இருக்கிறவன் உங்களைக் காப்பாற்றட்டும். பதில் எழுத வேண்டாம். பதில் ஏறி வருகிற கப்பலில் நீங்களே ஏறி வரலாம்.

இப்படிக்கு,
வெள்ளையம்மாள்