எண்ணெய் குடிக்கும் வண்டி

அன்புள்ளவருக்கு,

"எண்ணெய் குடிக்கிற கிழட்டு வண்டியை வித்துத் தொலை" என்று மயாமியிலிருந்து சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நீங்கள் போனபிறகு அதை ஓட்டிப் பிழைப்பது நான்.

போன வாரம் பக்கத்து வீட்டு யாமிலாவுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வரவில்லை. நான்தான் ஏற்றிப்போனேன். மலைப்பாதையில் இன்ஜின் எண்ணெய் தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, பின்னால் ஒரே நீலப் புகை. நிறுத்தாவிட்டால் இன்ஜின் போய்விடும். இறங்கி, டிக்கியில் இருந்த கடைசி பாட்டில் எண்ணெயை ஊற்றினேன்.

"பிரசவம் எனக்கா, வண்டிக்கா, அக்கா?" என்று கத்தினாள்.

பயாமோ நகர ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டு, எண்ணெயைக் கசியவிட்ட வால்வு சீல்களை மாற்றினேன். புகை குறைந்துவிட்டது. அப்பா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்பதும் குறைந்துவிட்டது.

விற்கமாட்டேன். வண்டியை என் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இங்கேயே இருப்பவள்